கார் வாரண்டி: சர்வீஸ் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு ஷோரூமின் சர்வீஸ் கவுண்டரில் பதினோரு வருடம் நின்றிருக்கிறேன். காலை எட்டரைக்கு முதல் கார் உள்ளே வரும்போது ஒரு கேள்வி வரும். சாயங்காலம் கேட் பாஸ் எழுதும்போதும் அதே கேள்விதான்: “இது வாரண்டியில வருமாங்க?” இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனாலும் கல்யாண வீட்டில், டீக்கடையில், பேரூர் கோயில் வாசலில்கூடப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாம் இந்தியாவில் விற்கும், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கார்களைப் பற்றியது. மஞ்சள் போர்டு வண்டி என்றால் பல நிறுவனங்களில் கணக்கே வேறு.

வாரண்டி என்றால் சரியாக என்ன அர்த்தம்? கார் கெட்டுப் போகாது என்ற உறுதியா?

இல்லை. “நாங்கள் போட்ட பாகம், பொருளிலோ தயாரிப்பிலோ இருக்கும் குறையால் இந்தக் காலத்துக்குள் கெட்டால், காசு வாங்காமல் சரி செய்கிறோம் அல்லது மாற்றித் தருகிறோம்” என்பதுதான் நிறுவனம் எழுதிக் கொடுக்கும் வாக்கு. பாகத்தின் விலையோடு லேபரும் அதில் அடங்கும். சரி செய்வதா, மாற்றுவதா என்பது நிறுவனத்தின் முடிவு.

துணிக்கடையில் சாயம் போனால் மாற்றித் தருகிறேன் என்பார்கள். வேலி முள்ளில் மாட்டிக் கிழிந்த சட்டையை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் என்ன செய்வார்? கவுண்டரில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசி இந்தக் கேள்விதான். சாயம் போனதா, முள் கிழித்ததா?

எத்தனை வருடம் வரும்?

நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். மாருதி சுசூகி வெகுகாலம் 2 வருடம் அல்லது 40,000 கி.மீ. என்று கொடுத்து வந்தது. 2024 ஜூலையில் அதை 3 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ. ஆக்கியது. கியா, ஹோண்டா போன்றவை கிலோமீட்டர் வரம்பு இல்லாமல் 3 வருடம் என்கின்றன.

“அல்லது” என்ற சொல்லைத்தான் யாரும் படிப்பதில்லை. எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடிந்தது. கோவையிலிருந்து திருப்பூருக்குத் தினமும் போய்வருகிற ஒருவருக்குப் போக வர 110 கி.மீ. வருடத்துக்கு 300 நாள் வைத்தால் 33,000. மூன்று வருடமும் ஒரு லட்சமும் ஏறக்குறைய ஒன்றாக முடியும், நல்ல பொருத்தம். அதே ஆள் ஈரோட்டுக்குத் தினமும் போனால் இருபதே மாதத்தில் ஒரு லட்சம் தாண்டிவிடும். அவருக்கு “3 வருடம்” என்பது பேப்பரில் மட்டும்தான். அதிகம் ஓட்டுகிறவர் கார் வாங்கும்போது வருடத்தைப் பார்க்காமல் கிலோமீட்டரைப் பார்க்க வேண்டும்.

எந்தத் தேதியிலிருந்து கணக்கு?

காரை உங்களிடம் விற்று ஒப்படைத்த தேதியிலிருந்து; தயாரித்த தேதியிலிருந்து இல்லை. டெலிவரி அன்றே வாரண்டி புத்தகத்தில் அந்தத் தேதியும் 17 எழுத்து சேசிஸ் எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பூஜை, மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அதைத் திருத்துவது பெரிய வேலை.

எதற்கெல்லாம் கிடைக்காது?

தேயும் பொருள் எதற்கும் கிடைக்காது. பிரேக் பேட், கிளட்ச் டிஸ்க், வைப்பர் ரப்பர், பல்பு, ஃபியூஸ், ஃபில்டர், ஆயில், கூலன்ட் எல்லாம் அந்தப் பட்டியல். இலவச சர்வீஸ் என்பதும் லேபருக்கு மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பில் வரும். முதல் சர்வீஸில் மனம் உடைகிறவர்கள் நிறைய.

விபத்து, வெள்ளம், கலப்பட எரிபொருள், சரியில்லாத ரிப்பேர், என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளைத் தட்டி பவர் ஏற்றுவது, இவையும் வெளியே.

அப்புறம் எலி. மழைக்காலம் ஆரம்பித்தால் வாரத்துக்கு இரண்டு கார் எலி கடித்து வரும். சூடான என்ஜினுக்கு மேல் ஏறி உட்கார்ந்து ஒயரைக் கொறித்துவிட்டு, கூடவே என்ஜின் மூடிக்கு அடியில் பாதி தின்ற தேங்காய்த் துண்டையும் விட்டுவிட்டுப் போகும். “நாலு மாசக் கார் சார், வாரண்டி இல்லையா?” என்பார்கள். எலியை நிறுவனம் தயாரிக்கவில்லை. இது இன்சூரன்ஸ் பக்கம் போக வேண்டிய விஷயம். அங்கேயும் பாலிசிக்குப் பாலிசி மாறும். புகையிலையைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. பலன் உண்டா என்று கேட்டால், கட்டினவர்களின் காரும் வந்திருக்கிறது.

பெரிய தகராறு கிளட்சில்தான். 14,000 கி.மீ.யில் கிளட்ச் போய்விட்டது என்று ஒருவர் வருவார். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் டிஸ்க் கருகி, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்திருக்கும். அந்த நீலம் அதிகச் சூட்டின் அடையாளம். காந்திபுரம் மேம்பாலத்தில் நெரிசலில் ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக் மிதிக்காமல் பாதி கிளட்சிலேயே காரைப் பிடித்து வைப்பார்கள். அப்படித்தான் இது எரியும். அங்கே வாரண்டி நிற்காது. ஆனால் அதே கிளட்சில் ரிலீஸ் பேரிங் சத்தம் போட்டு உடைந்திருந்தாலோ, ஸ்பிரிங் கழன்று டிஸ்க்கைக் கிழித்திருந்தாலோ அது பாகத்தின் குறை. “கிளட்ச் என்றாலே வாரண்டி இல்லை” என்று கவுண்டரில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இறக்கிய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள், எந்தத் துண்டு முதலில் போனது என்று கேளுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காரை விடும்போது புகாரையும் வேலையையும் எழுதும் சீட்டை ஜாப் கார்டு என்கிறார்களே, அதில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும்?

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு ரிட்டையர்டு ஆசிரியர். மூன்று சர்வீஸிலும் என்னிடமே வந்தவர். ஒவ்வொரு முறையும் சாவியைக் கொடுக்கும்போது, “ஏசி முன்ன மாதிரி இல்ல தம்பி, கொஞ்சம் பாருங்க” என்பார். நானும் “சரிங்க சார்” என்பேன். மெக்கானிக் ஃபில்டரைத் தட்டிப் போட்டு, காற்று வருகிறது என்று அனுப்பிவிடுவான். ஜாப் கார்டில் நான் எழுதியது “பீரியாடிக் சர்வீஸ், வாட்டர் வாஷ்” மட்டும். வாரண்டி முடிந்து பன்னிரண்டாம் நாள் ஏசி கம்ப்ரஸர் நின்றது. எஸ்டிமேட் முப்பதாயிரத்தைத் தாண்டியது. அவர் சொன்னார்: “ஒன்றரை வருசமாச் சொல்றேனே தம்பி.” சொன்னது உண்மை, எனக்கே தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் அந்தக் காருக்கு ஏசி புகார் என்று ஒரு வரிகூட இல்லை. நிறுவனத்துக்கு எழுதிப் போட்டேன். “வாரண்டி காலத்தில் புகார் பதிவாகவில்லை” என்று ஒரே வரியில் பதில் வந்தது. தப்பு என்னுடையது, பில் அவருடையது.

புகார் வாரண்டிக்குள் பதிவாகியிருந்தால், அதே கோளாறு முடிந்த பிறகு முழுசாக வெளிப்பட்டாலும் “இது பழைய புகாரின் தொடர்ச்சி” என்று வாதாட ஒரு பிடி இருக்கும். வாயால் சொன்னதற்கு அந்தப் பிடி கிடையாது. அதனால் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். “ஏசி செக்” என்று எழுதினால் போதாது. “மதியம் கூலிங் குறைகிறது, 20 நிமிடத்துக்குப் பிறகு சூடான காற்று வருகிறது” என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். கோளாறு கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் “சோதித்தோம், தெரியவில்லை” என்று அதையும் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு அது பிடிக்காது. ஒருவர் முகம் சுளிப்பார், இன்னொருவர் “சிஸ்டத்துல அவ்வளவு டைப் பண்ண முடியாதுங்க” என்பார். முடியும்.

வந்துவந்து போகும் கோளாறா? போனில் வீடியோ எடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் சத்தம் சர்வீஸ் சென்டருக்கு வந்து சேரும்போது இருக்காது. முந்தின நாள் ராத்திரியே காரை விட்டுவிட்டுப் போங்கள், காலையில் அவர்களே கேட்கட்டும்.

வெளியே தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடுமா?

போய்விடும் என்றுதான் கவுண்டரில் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். விஷயம் அவ்வளவு எளிதில்லை.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஸ்பேர் பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல், வாடிக்கையாளரைத் தங்கள் ஒர்க்ஷாப்பிலேயே கட்டிப் போட்டார்கள் என்பது வழக்கு. அந்த உத்தரவிலேயே வாரண்டி பற்றியும் பேசியது: வெளியே ரிப்பேர் செய்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் எது கெட்டதோ அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, கதை பல வருடம் இழுத்தது. ஆனால் தர்க்கம் நியாயமானது, பேசும்போது கையில் வைத்துக்கொள்ளலாம். பஞ்சர் ஒட்டியதற்கும் பவர் விண்டோ மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்?

நடைமுறை வேறு. என்ஜின், கியர்பாக்ஸ் சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் அவர்கள் முதலில் கேட்பது ஆயில் மாற்றிய வரலாறு. வெளியே மாற்றியிருந்தால் எந்தத் தேதியில், எத்தனை கி.மீ.யில், எந்த கிரேடு ஆயில் என்று பில் காட்ட வேண்டும். “பையன் ஒருத்தன் பண்ணுவான், பில்லெல்லாம் கிடையாது” என்றால் அங்கேயே தோற்றாயிற்று. என் சொந்த அபிப்பிராயம்: வாரண்டி உள்ளவரை ஆயில் சர்வீஸை மட்டும் அதிகாரப்பூர்வ ஒர்க்ஷாப்பில் செய்யுங்கள். உங்கள் தலையில் அவர்கள் கட்டப் பார்க்கும் என்ஜின் கோட்டிங், ஏசி வாசனை ட்ரீட்மென்ட், உள்ளே நுரை போட்டுக் கழுவுவது இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைச் செய்யாவிட்டால் வாரண்டி போகும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

சர்வீஸ் தேதி தள்ளிப் போய்விட்டது. அவ்வளவுதானா?

சில நாள் என்றால் பயப்பட வேண்டாம். தேதிக்கும் கிலோமீட்டருக்கும் கொஞ்சம் சலுகை கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு, புத்தகத்தில் பாருங்கள். ஒரு சர்வீஸையே முழுசாக விட்டுவிட்டு, பிறகு என்ஜினில் ஆயில் கெட்டியாகிப் பழுதானால் நிற்காது. அதே காரில் ஹாரன் அடிக்கவில்லை என்றால் அதை விட்டுப்போன ஆயில் சர்வீஸைக் காட்டி மறுப்பது அநியாயம், கேளுங்கள்.

வெளியே மியூசிக் சிஸ்டம், லைட் மாட்டினால்?

ஒயரை வெட்டி ஒட்டினால் அந்த மின்சுற்றில் வரும் எந்தக் கோளாறுக்கும் உங்களையே கைகாட்டுவார்கள். ஒயரை வெட்டாமல் அப்படியே சொருகும் கனெக்டர் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஷோரூமிலேயே மாட்டிக் கொடுத்தாலும் அந்தப் பொருள் கம்பெனி உதிரியா, வெளிப் பொருளா என்று பில்லில் பாருங்கள். வெளியில் சிஎன்ஜி கிட் மாட்டுவது வேறு ரகம். என்ஜின் வாரண்டியையே பறிகொடுக்க வேண்டி வரும்.

பேட்டரி, டயர்?

இவற்றுக்கு வாரண்டி கொடுப்பது பெரும்பாலும் அந்தந்தப் பேட்டரி, டயர் கம்பெனிகள். ஷோரூமில் கொடுத்தால் அவர்கள் அனுப்பி வைப்பார்கள், நேரே டீலரிடம் போனால் சீக்கிரம் முடியும். டயரில் குறை இருந்தால் தேய்ந்தது போக மீதி மதிப்பைத்தான் கழித்துக்கொடுப்பார்கள். குழியில் இறங்கிப் பக்கவாட்டில் புடைத்த டயருக்கு யாரும் தர மாட்டார்கள். நம் ரோடுகளில் வரும் டயர் புகார்களில் அதுதான் அதிகம்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, ‘பம்பர் டு பம்பர்’. அது போதாதா?

இரண்டையும் குழப்பாதீர்கள். வெளியிலிருந்து வந்து அடித்தால் இன்சூரன்ஸ்: விபத்து, தீ, திருட்டு, வெள்ளம். உள்ளிருந்தே கெட்டால் வாரண்டி. தானாக நின்றுபோன கம்ப்ரஸருக்கு எந்த இன்சூரன்ஸும் வராது.

பம்பர் டு பம்பர் என்று நம்மூரில் சொல்வது தேய்மானம் கழிக்காத பாலிசி. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். அந்தக் கழிவு இதில் கிடையாது, அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புதுக் கார்களுக்கு ஐந்து வருடம் பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று ஒரு உத்தரவு போட்டு, அடுத்த மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தப் பழைய வாட்ஸ்அப் செய்தி இன்னமும் சுற்றுகிறது, நம்ப வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற கார்?

வாரண்டி கிடையாது, இன்சூரன்ஸ்தான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. நின்ற இடத்திலேயே நனைந்த கார் ஒரு கணக்கு. தண்ணீர் வடிந்ததும் “ஓடுதான்னு பார்ப்போம்” என்று சாவியைத் திருப்பிய கார் வேறு கணக்கு. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதை அமுக்க முடியாது. பிஸ்டன் ஏறும்போது அதைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். “ஸ்டார்ட் செய்ததால்தான் என்ஜின் போனது” என்று இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதிவிடுவார். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால்தான் அதற்குப் பணம். எடுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுக்காமல் பிளாட்பெட் வண்டியில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

இ20 பெட்ரோல் போட்டால் வாரண்டி, இன்சூரன்ஸ் போகுமா?

இப்போதெல்லாம் பங்கில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. வேறு எதைப் போடுவது? 2025 ஆகஸ்டில் இந்தப் பயம் பரவியபோது, இன்சூரன்ஸ் செல்லாமல் போகும் என்பது ஆதாரமற்றது என்று பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் இதற்கு ஏற்றபடி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய காரில் எரிபொருள் மூடியின் உள்பக்கமோ புத்தகத்திலோ இ10 (10 சதவீத எத்தனால்) என்று இருந்தால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கலாமா?

காரைப் பொறுத்தது. டர்போ, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பத்து அங்குல ஸ்கிரீன், சன்ரூஃப் எல்லாம் இருக்கும் காரை ஐந்தாறு வருடம் வைத்திருப்பேன் என்றால் எடுங்கள். ஒரு ஸ்கிரீனோ, கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு யூனிட்டோ போனால் நீங்கள் கட்டிய தொகையைப் போல் சில மடங்கு பில் வரும். சின்ன மேனுவல் கார், வருடத்துக்கு ஐயாயிரம் கி.மீ., கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் என்றால், அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வைப்பேன்.

எடுப்பதாக இருந்தால் கார் நிறுவனமே கொடுப்பதை எடுங்கள். வெளிக் கம்பெனித் திட்டங்களில் ஒரு தடவைக்கு இவ்வளவுதான், வருடத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு ஒளிந்திருக்கும். முதல் வாரண்டி முடியுமுன் எடுக்க வேண்டும், தள்ளத் தள்ள விலை ஏறும். எக்ஸ்டெண்டட் என்றால் முதல் வாரண்டியே நீள்கிறது என்று நினைக்காதீர்கள். சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் மாதிரி சிலது அதில் விட்டுப் போயிருக்கும். விட்டுப்போன பட்டியலை முதலில் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்து.

இன்னொன்று. என் தங்கை வீட்டுக்காரர் ஓர் ஊரில் கார் வாங்கியபோது எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கும் சேர்த்துப் பணம் கட்டினார். அழகான அட்டை ஒன்று கொடுத்தார்கள். நாலாவது வருடம் ஸ்டீயரிங் மோட்டார் போனபோது வேறு ஒர்க்ஷாப்பில் பார்த்தால் சிஸ்டத்தில் ஒன்றுமே இல்லை. பணம் வாங்கியவர்கள் நிறுவனத்துக்குப் பதிவே செய்யவில்லை. ரசீது இருந்ததால் மூன்று மாதம் அலைந்து வாங்கினார். பணம் கட்டிய ஒரு வாரத்தில் நிறுவனத்தின் ஆப்பில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, முடிவுத் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மின்சாரக் கார் பேட்டரிக்கு?

காருக்கு ஒரு வாரண்டி, பெரிய பேட்டரிக்குத் தனி வாரண்டி. 2020-ல் வந்த டாடா நெக்ஸான் இவி பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. கொடுத்தது, சந்தையில் அதுவே வழக்கமாகிப் போனது. 2024-ல் எம்ஜி வின்ட்ஸர் ‘வாழ்நாள்’ வாரண்டி என்று வந்தது, ஆனால் முதல் உரிமையாளருக்கு மட்டும். விற்றால் அந்த வாழ்நாள் உங்களோடு முடிந்தது. பழைய மின்சாரக் கார் வாங்குகிறவர் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது எல்லா பேட்டரிக்கும் இயற்கை; அந்த எண் எழுதியிருந்தால்தான் குறைவு எப்போது குறை ஆகிறது என்று பேச முடியும்.

பழைய கார் வாங்கினால் மீதி வாரண்டி எனக்கு வருமா?

நிறுவன வாரண்டி பொதுவாகக் காரோடு போகும். எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பெயர் மாற்ற விண்ணப்பம், சில இடத்தில் கட்டணம் உண்டு. ஆர்சி மாறியதும் செய்துவிடுங்கள். விற்பவரிடம் சர்வீஸ் வரலாற்றின் பிரிண்ட் கேளுங்கள். மீட்டர் திருகியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும்: போன வருடம் 62,000, இப்போது 48,000.

ரீகால் என்றால்?

தயாரிப்பில் பொதுவான குறை இருப்பது தெரிந்து நிறுவனமே கார்களைத் திரும்ப அழைப்பது. வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசம். 2021 செப்டம்பரில் மாருதி, சியாஸ், எர்டிகா உள்ளிட்ட ஐந்து மாடல்களில் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதிக்க 1,81,754 கார்களை அழைத்தது. குறையுள்ள கார்களைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிட 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் வந்தது. போன் நம்பர் மாற்றியவர்களுக்கும் பழைய கார் வாங்கியவர்களுக்கும் ரீகால் செய்தி போய்ச் சேராது. நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

வாரண்டி முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. கேட்டால் கிடைக்குமா?

கேட்டால் கிடைக்கலாம், கேட்காவிட்டால் கிடைக்காது. ‘குட்வில்’ என்று உள்ளே ஒரு வழி உண்டு. எல்லா சர்வீஸும் நேரத்துக்குச் செய்த கார், முடிந்து சில வாரம்தான், இவ்வளவு சீக்கிரம் போகக் கூடாத பாகம் என்றால் நிறுவனம் பாதியோ முழுசோ ஏற்றுக்கொள்ளும். கவுண்டரில் நிற்கும் சர்வீஸ் அட்வைசருக்கு இதில் அதிகாரம் இல்லை. ஒர்க்ஸ் மேனேஜரைப் பார்த்து, “குட்வில்லுக்கு எழுதிப் பாருங்க சார்” என்று அதே வார்த்தையில் கேளுங்கள். கத்தினவர்களை விட நிதானமாகப் பேப்பரை எடுத்து வைத்தவர்களுக்குத்தான் நாங்கள் மெனக்கெட்டு எழுதினோம். இது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் நடப்பு அதுதான்.

மறுத்துவிட்டார்கள். அடுத்து?

மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னதுமே பாதி மறுப்பு மாறிவிடும். அடுத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல்: ஜாப் கார்டு, போட்டோ, தேதிகள். அங்கிருந்து ஏரியா சர்வீஸ் மேனேஜரிடம் போகும். அவர் ஒர்க்ஷாப்புக்கு வரும் நாளைக் கேட்டு நேரில் பாருங்கள்.

அப்படியும் ஆகவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனம் இருக்கும் டெல்லிக்கோ குருகிராமுக்கோ போக வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். “பார்த்துச் சொல்றோம் சார்” என்று இழுப்பதிலேயே அந்த இரண்டு வருடமும் கரைந்துபோகும்.

புதுக் காரே மாற்றித் தரச் சொல்ல முடியுமா?

கடினம். 2006-ல் மாருதி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், வாரண்டி சொல்வது குறையுள்ள பாகத்தை மாற்றுவதை மட்டும்தான், அதற்காக முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். அங்கே பிரச்சினை, பார்க்கப் போனால், கிளட்ச். தயாரிப்புக் குறை என்று நிரூபிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்; நிபுணர் அறிக்கை வேண்டும். காரைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம்.

ஆனால் கதவு முழுக்க அடைபடவில்லை. 2017-ல் விபத்துக்குள்ளான ஒரு க்ரெட்டாவில் காற்றுப்பை விரியவில்லை. அந்த வழக்கில் இழப்பீட்டோடு காரையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை 2022-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உயிர் காக்கும் பாகத்தை அது கிளட்ச் மாதிரி பார்க்கவில்லை.

வாரண்டி வேலையில் கார் பதினைந்து நாள் உள்ளே கிடக்கிறது. மாற்றுக் கார் தருவார்களா?

பெரும்பாலான வாரண்டியில் அந்த வாக்கு இல்லை. வாடகைக் கார் செலவு, சம்பளம் போனது எதுவும் தர மாட்டோம் என்று எழுதியே இருப்பார்கள். பாகம் எப்போது ஆர்டர் போட்டார்கள் என்ற தேதியைக் கேளுங்கள். ‘ஸ்டாக் இல்லை’ என்பது பல சமயம் ‘இன்னும் ஆர்டர் போடவில்லை’ என்பதன் மரியாதையான வடிவம். கேட்ட அன்று மத்தியானமே நான் ஆர்டர் போட்டதுண்டு.

மாற்றிய புதுப் பாகத்துக்கு மறுபடி மூன்று வருடமா?

இல்லை. வாரண்டியில் மாற்றினால் காரின் மீதி வாரண்டி எவ்வளவோ அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கி மாட்டிய பாகத்துக்குத் தனி வாரண்டி உண்டு, பில்லில் இருக்கும்.

கழற்றிய பழைய பாகத்தைக் கேட்கலாமா?

காசு கொடுத்து மாற்றியிருந்தால் அது உங்களுடையது, கேட்டு டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். வாரண்டியில் மாற்றியது நிறுவனத்துடையது. எண் எழுதிய சீட்டு கட்டி எங்கள் ஸ்டோர் ரூம் அலமாரியில் கிடக்கும், பிறகு கம்பெனிக்குப் போகும். ஆனால் பார்க்கலாம். “ஒரு தடவை காட்டுங்க தம்பி” என்று கேட்டவர்களை அலமாரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.